செத்துப்போன சவுண்ட் சிப்புக்கு ஒரு மாற்று

காசு போட்டு ஆடும் பழைய ஆர்கேட் வீடியோ கேமின் போர்டில் படம் வருகிறது, ஆட்டம் ஓடுகிறது, இசை மட்டும் இல்லை என்றால் எல்லோரும் முதலில் சவுண்ட் சிப்பின் மேல்தான் பழி போடுவார்கள். பெரும்பாலும் அது நிரபராதி. வற்றிப்போன எலக்ட்ரோலைட்டிக் கபாசிட்டர், அழுக்கேறிய வால்யூம் பாட், சூட்டில் செத்த ஆம்ப்ளிஃபையர் ஐசி, இவற்றையெல்லாம் பார்த்த பிறகுதான் சிப்புக்கு வர வேண்டும். மின்னலையைத் திரையில் காட்டும் ஆஸிலோஸ்கோப்பின் முனையைச் சிப்பின் அனலாக் அவுட்புட் பின்னில் வையுங்கள். அங்கே அலை இருந்து, ஸ்பீக்கரில் ஒன்றும் இல்லையென்றால் சிப் நன்றாகத்தான் இருக்கிறது. அலை இல்லை, ஆனால் 5 வோல்ட் சரியாக வருகிறது, கடிகாரம் துடிக்கிறது, ரீசெட் விடுபட்டிருக்கிறது, டேட்டா பின்களில் போக்குவரத்து ஓடுகிறது என்றால், அப்புறம் சிப்பைச் சந்தேகிக்கலாம்.

நான் பழுது பார்த்துக்கொண்டிருந்தது கொனாமியின் டைம் பைலட் என்ற ஆட்டம், 1982ஆம் ஆண்டுப் போர்டு. அதில் ஏஒய்-3-8910 (சுருக்கமாக ஏஒய்) என்ற சவுண்ட் சிப்கள் இரண்டு. ஒன்று மேலே சொன்ன சோதனையில் தோற்றுவிட்டது. அதற்கு மாற்றுத் தேடப் போய், கடைசியில் எஃப்பிஜிஏவில், அதாவது உள்சுற்றை நாமே எழுதி ஏற்றக்கூடிய சிப்பில், நானே ஒன்றைச் செய்துகொண்டேன். இதே வேலையில் இறங்கும் பலர், ஓசையை உருவாக்குவதுதான் கஷ்டம் என்று நினைக்கிறார்கள். ஓசை சுலபம். அந்தச் சிப் போர்டில் உட்கார்ந்துகொண்டு வேறு என்னென்ன வேலை பார்த்துக்கொண்டிருந்தது என்று கண்டுபிடிப்பதில்தான் நேரமெல்லாம் போகிறது. நான் எழுதப்போவதும் பெரும்பாலும் அதைப் பற்றித்தான்.

முதலில் சந்தை நிலவரம். ஏஒய் சிப் இப்போது உற்பத்தியாவதில்லை. இணையத்தில் கிடைப்பவை பெரும்பாலும் பழைய போர்டுகளிலிருந்து பிடுங்கியவை. அவற்றிலும் பல, மேற்பரப்பைத் தேய்த்துப் புதிதாக எழுத்து அச்சிட்டவை. ஒரு விற்பனையாளரிடம் வாங்கிய பையில் எல்லாச் சிப்பிலும் ஒரே தேதிக் குறியீடு, ஆனால் அடிப்பக்கத்து வார்ப்பு அடையாளங்கள் ஒன்றுக்கொன்று வேறு. அசிட்டோன் நனைத்த பஞ்சால் துடைத்ததும் எழுத்து கரைந்து வந்துவிட்டது. உள்ளே இருந்ததில் சில யமஹாவின் ஒய்எம்2149. அது மோசமில்லை, ஏஒய் வடிவமைப்பை உரிமம் பெற்றுச் செய்த சிப்தான், பின்னுக்குப் பின் பொருந்தும். ஆனால் என்ன வாங்குகிறோம் என்று தெரிந்து வாங்க வேண்டும் இல்லையா? இரண்டையும் பிரித்தறிய எளிய வழி உண்டு. சிப்புக்குள் எண்களை வைக்கும் அறைகளுக்கு ரெஜிஸ்டர் என்று பெயர். முதல் சேனலின் அலைநீள எண்ணின் மேல்பகுதியை வைத்திருக்கும் 1ஆம் எண் ரெஜிஸ்டரில் நான்கு பிட்தான் பயன்பாட்டில் உள்ளது. அதில் 255 எழுதித் திரும்பப் படியுங்கள். 15 வந்தால் ஏஒய், 255 அப்படியே வந்தால் யமஹா.

உங்களுக்கு வேண்டியது போர்டு ஓடுவது மட்டும்தான் என்றால், நல்ல ஒய்எம்2149 ஒன்றைப் போட்டுவிட்டு நிம்மதியாக இருக்கலாம். 26ஆவது பின்னை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். ஏஒய்யில் அது தொழிற்சாலைச் சோதனைக்கான பின். யமஹாவில் அதைத் தரையோடு இணைத்தால் கடிகாரம் பாதியாகிவிடும், இசை முழுவதும் ஓர் ஆக்டேவ் கீழே இறங்கிவிடும். எதிலும் இணைக்காமல் விட்டால் ஒன்றும் ஆகாது.

நான் அதோடு நிறுத்தாததற்குக் காரணம், வாங்கக் கிடைக்கும் சிப்களின் நம்பகத்தன்மை குறைந்துகொண்டே போவது ஒன்று. கொனாமி, நாம்கோ போன்ற நிறுவனங்கள் தங்களுக்கென்றே செய்துகொண்ட சிப்களுக்கு பெரும்பாலும் இப்படி ஒரு மாற்று கிடையாது என்பது இன்னொன்று. அந்த வேலைக்குக் கை பழக, டேட்டாஷீட் தெளிவாகக் கிடைக்கும் ஏஒய்யைவிட நல்ல தொடக்கம் இல்லை.

சிப்பின் உள்ளே இருப்பது இவ்வளவுதான். சதுர அலை தரும் மூன்று சேனல்கள், ஓர் இரைச்சல் மூலம், வால்யூமைத் தானாக ஏற்றி இறக்கும் ஓர் என்வலப், 16 ரெஜிஸ்டர்கள். ஒவ்வொரு சேனலுக்கும் 12 பிட் எண் ஒன்று. கடிகாரத்தை 16ஆல் வகுத்து, பிறகு அந்த எண்ணால் வகுத்தால் வருவதுதான் சுருதி. டைம் பைலட்டில் கடிகாரம் 14.31818 மெகாஹெர்ட்ஸை எட்டால் வகுத்தது, அதாவது 1.789772 மெகாஹெர்ட்ஸ். அந்த எண் 254 என்றால் 440 ஹெர்ட்ஸுக்கு மிக அருகில் ஒலிக்கும். இரைச்சல் என்பது 17 பிட் ஷிஃப்ட் ரெஜிஸ்டர், ஒவ்வொரு பிட்டாக நகரும் வரிசை. அதன் 0ஆவது பிட்டையும் 3ஆவது பிட்டையும் எக்ஸார் செய்து (இரண்டும் வேறாக இருந்தால் 1, ஒன்றாக இருந்தால் 0) மறுமுனையில் திணிக்க வேண்டும். சுற்றுகளை எழுதும் மொழியான வெரிலாகில் இதையெல்லாம் எழுதினால் ஓரிரு பக்கம்தான் வரும்.

அந்த ஓரிரு பக்கத்திலும் டேட்டாஷீட்டை மேலோட்டமாகப் படிப்பவர் கோட்டைவிடும் இடங்கள் உண்டு. அலைநீளம் 0 என்று எழுதினால் சிப் அதை 1 என்றே எடுத்துக்கொள்கிறது. ஒரு சேனலில் சதுர அலை, இரைச்சல் இரண்டையும் அணைத்தால் அது மௌனமாவதில்லை. அவுட்புட் அந்த சேனலின் வால்யூம் அளவிலேயே மேலே நின்றுவிடும். வால்யூம் ரெஜிஸ்டரை மட்டும் வேகவேகமாக மாற்றிப் பேச்சுக்குரலும் டிரம்மும் ஒலிக்கவைத்த ஆட்டங்கள் இதைத்தான் நம்பியிருந்தன. மூன்றாவது, என்வலப் வடிவத்தைக் குறிக்கும் 13ஆம் எண் ரெஜிஸ்டர். அதில் ஏற்கெனவே இருக்கும் மதிப்பையே மறுபடி எழுதினாலும் என்வலப் தொடக்கத்திலிருந்து ஓட வேண்டும். மதிப்பு மாறியதா என்று ஒப்பிட்டு முடிவெடுக்கும் நிரலில், முதல் டிரம் அடி விழும், அடுத்தது விழாது. எழுதும் நிகழ்வையே பிடிக்க வேண்டும்.

வால்யூம் படிகள் நேர்கோட்டில் ஏறுவதில்லை. ஒவ்வொரு படியும் ஏறத்தாழ 3 டெசிபெல். யமஹா சிப்பில் என்வலப்புக்கு மட்டும் 32 படிகள், ஒவ்வொன்றும் பாதி உயரம். எந்தச் சிப்பை நகலெடுக்கிறோம் என்று இங்கேயே முடிவு செய்துகொள்ள வேண்டும். என் போர்டில் இன்னொரு ஏஒய் உயிரோடு இருந்தது பெரிய வசதி. 16 படிகளையும் ஒவ்வொன்றாக நிறுத்தி மல்டிமீட்டரில் அளந்து, அந்த அட்டவணையையே பயன்படுத்தினேன்.

சரி, இப்போது சிபியுவும் சிப்களும் பேசிக்கொள்ளும் பொதுக் கம்பிகளான பஸ்ஸுக்கு வருவோம். சிப்போடு பேச எட்டு டேட்டா பின்கள், அவற்றோடு பிடிஐஆர், பிசி1, பிசி2 என்று மூன்று கட்டுப்பாட்டுப் பின்கள். பிசி2 பொதுவாக 5 வோல்ட்டில் கட்டப்பட்டிருக்கும். மற்ற இரண்டும் 1 என்றால் முகவரியைப் பிடித்துக்கொள். பிடிஐஆர் மட்டும் 1 என்றால் எழுது. பிசி1 மட்டும் 1 என்றால் படித்துக் கொடு. இரண்டும் 0 என்றால் சும்மா இரு. இதில் ஒளிந்திருக்கும் சங்கதி, முகவரியின் மேல் நான்கு பிட்டும் 0 ஆக இருந்தால்தான் சிப் கேட்கும் என்பது. அவற்றைப் புறக்கணித்துவிட்டுக் கீழ் நான்கு பிட்டை மட்டும் எடுத்துக்கொள்ளும் நகல், தனக்குச் சொல்லப்படாத பேச்சையும் கேட்டுக்கொண்டிருக்கும்.

"படித்துக் கொடு" என்பதை ஒரு சடங்கு என்று நினைத்துவிட வேண்டாம். சவுண்ட் சிப்பை எதற்குப் படிக்கப்போகிறார்கள் என்று தோன்றும். டைம் பைலட்டின் ஸ்கீமாட்டிக்கை விரித்துப் பாருங்கள். முதல் ஏஒய்யில் ஏ, பி என்று எட்டெட்டுப் பின்கள் கொண்ட இரண்டு போர்ட்கள் உள்ளன. எந்த ஒலியை எழுப்ப வேண்டும் என்று முதன்மை சிபியு அனுப்பும் கட்டளை, ஏ போர்ட்டின் வழியாகத்தான் ஒலிப் பகுதியின் சிபியுவான இசட்80க்குப் போகிறது. பி போர்ட்டின் மேல் நான்கு பிட்டில் ஒரு கவுண்டர் ஓடிக்கொண்டிருக்கிறது. இசட்80இன் கடிகாரத்தை முதலில் 512ஆலும் பிறகு 10ஆலும் வகுப்பது அது. பாட்டின் தாளத்துக்கு அதுதான் அடிப்படை. ஆக, ஓசையை அச்சு அசலாக எழுப்பக்கூடிய, ஆனால் போர்ட்கள் இல்லாத ஒரு மாற்றை அந்த சாக்கெட்டில் செருகினால் போர்டு ஊமைதான். என்ன வாசிக்கச் சொன்னார்கள் என்பதும் தெரியாது, எவ்வளவு நேரம் ஆயிற்று என்பதும் தெரியாது. கொனாமியின் ஸ்கிராம்பிள், ஃப்ராகர் போர்டுகளும் இதே வகையறாதான்.

இதிலிருந்து ஒரு நடைமுறை உத்தியும் கிடைக்கிறது. அதே போர்டில் இரண்டாவது ஏஒய்யின் போர்ட்கள் பயன்படுத்தப்படவில்லை. எனவே நல்ல அசல் சிப்பை முதல் சாக்கெட்டுக்கு மாற்றிவிட்டு, செய்துகொண்டிருக்கும் மாற்றை இரண்டாவது சாக்கெட்டில் போட்டு வேலையைத் தொடங்கினேன். போர்ட்களைப் பற்றிய கவலையே இல்லாமல் ஓசையை மட்டும் சரிபார்க்க முடிந்தது. எந்த போர்டாக இருந்தாலும், ஒரே சிப் பல இடங்களில் இருந்தால், எதற்கு மிகக் குறைந்த வேலை என்று பார்த்து அங்கிருந்து ஆரம்பிப்பது நல்லது. ஜைரஸ் போர்டில் ஐந்து ஏஒய் இருக்கின்றன, தேர்ந்தெடுக்க இடம் தாராளம்.

எதை வைத்துச் செய்வது என்பதில் நண்பர்களுக்குள் ஓயாத வாக்குவாதம் உண்டு. ராஸ்பெரி பை பிகோவில் இருக்கும் ஆர்பி2040 மலிவு, 133 மெகாஹெர்ட்ஸ் வேகம், 264 கிலோபைட் ரேம். பஸ்ஸைக் கவனிப்பதற்கென்றே பிஐஓ என்ற சின்னச் சின்ன இயந்திரங்களும் உள்ளே இருக்கின்றன. எழுதுவதை மட்டும் கேட்டுக்கொண்டிருக்கும் சிப்களுக்கு அது போதும். படித்துக் கொடுக்க வேண்டிய இடத்தில்தான் கழுத்தைப் பிடிக்கும். புரோகிராம் வெளி ஃப்ளாஷிலிருந்து ஓடுவதால், தேவையான வரி கேஷில் (வேகமான தற்காலிக நினைவகத்தில்) இல்லாத ஒரு தருணத்தில் பதில் தாமதமாகும், சிபியு குப்பையைப் படித்துக்கொண்டு போய்விடும். பஸ் தொடர்பான பகுதியை முழுவதும் ரேமில் வைத்து ஓடவிட்டால் இது தீரும். இன்னொரு தடை பின்களின் எண்ணிக்கை. ஏஒய்க்கு டேட்டா எட்டு, போர்ட்கள் பதினாறு, கட்டுப்பாடு, கடிகாரம், ரீசெட், அவுட்புட் என்று போட்டால் பிகோ வெளியே தரும் 26 பின் போதாது.

நான் எஃப்பிஜிஏ பக்கம். அதில் ஒவ்வொரு பகுதியும் தன் பாட்டுக்கு ஒரே நேரத்தில் ஓடுகிறது. பஸ்ஸுக்குப் பதில் சொல்வதற்காக ஓசையும் ஓசைக்காக பஸ்ஸும் காத்திருக்க வேண்டியதில்லை. லாட்டிஸின் ஐஸ்40 யுபி5கே போன்ற சிறிய வகையே ஏஒய்க்குத் தாராளம். யோசிஸ், நெக்ஸ்ட்பிஎன்ஆர் என்ற திறந்த மூலக் கருவிகளை வைத்தே அதற்கு எழுதி முடிக்கலாம், பல ஜிகாபைட் மென்பொருளை இறக்க வேண்டியதில்லை. இந்தக் கடைசிக் காரணம் தனிப்பட்ட எரிச்சலிலிருந்து வருவது, ஒப்புக்கொள்கிறேன்.

இரண்டிலும் பொதுவான தலைவலி மின்னழுத்தம். பழைய போர்டு 5 வோல்ட், ஐஸ்40இன் பின்கள் 3.3 வோல்ட். நேரடியாக இணைத்தால் கொஞ்ச நாள் ஓடும், அப்புறம் ஓடாது. உள்ளே வரும் சிக்னல்களுக்கு 3.3 வோல்ட்டில் ஓடும் 74எல்விசி245 போதும், அதன் உள்ளீடுகள் 5 வோல்ட்டைத் தாங்கும். வெளியே போகும் சிக்னலை டிடிஎல் வகைச் சிப் வாங்கிக்கொள்கிறது என்றால் 3.3 வோல்ட்டே போதும், 2 வோல்ட்டுக்கு மேல் எதையும் அது 1 என்று ஏற்கும். எதிர்முனையில் 5 வோல்ட் 74எச்சி வகை இருந்தால் 3.5 வோல்ட் கேட்கும். அங்கே நடுவில் ஒரு 74எச்சிடி தேவை. டேட்டா பஸ் இரு திசையிலும் ஓடுவதால், படிக்கும் நேரம் முடிந்த கையோடு கையை எடுத்துவிட வேண்டும். கொஞ்சம் தாமதித்தாலும் அடுத்து பேச வரும் ரோமோடு மோதும். இந்த மோதலின் அறிகுறி ஒலிக் கோளாறாக இருக்காது, சிபியு எங்கோ தொலைந்துபோவதாக இருக்கும். அதனால்தான் பலர் தவறான இடத்தில் தேடிக்கொண்டிருப்பார்கள்.

எஃப்பிஜிஏவுக்கே உரிய ஒரு விஷயம்: மின்சாரம் வந்தவுடன் அது வெறும் பலகை. ஃப்ளாஷிலிருந்து தன் வடிவமைப்பைப் படித்து முடித்த பிறகுதான் ஏஒய்யாக மாறும். அதற்குள் போர்டு விழித்துக்கொண்டு முதல் ரெஜிஸ்டர்களை எழுதிவிட்டால் அவை காற்றோடு போயின. இரண்டு ஏற்பாடுகள் செய்தேன். வடிவமைப்பை ஏற்றும் வேகத்தை முடிந்தவரை கூட்டினேன். 74எல்விசி245 போன்ற பஃபர்களின் அனுமதிப் பின்னை ஒரு ரெசிஸ்டரால் மேலே இழுத்து, எஃப்பிஜிஏ தயாராகும்வரை பஸ்ஸைத் தொடவிடாமல் கட்டிவைத்தேன். முதலாவது இல்லாவிட்டாலும் பிழைத்துக்கொள்ளலாம், பெரும்பாலான ஆட்டங்கள் ரெஜிஸ்டர்களைத் திரும்பத் திரும்ப எழுதுகின்றன. இரண்டாவது இல்லாமல் போர்டையே ஆன் செய்யாதீர்கள்.

கடிகாரத்தை போர்டிலிருந்தே எடுங்கள். பக்கத்தில் தனியாக ஒரு கிரிஸ்டல் வைத்து 1.79 மெகாஹெர்ட்ஸ் உருவாக்கினால், பக்கத்துச் சிப்போடு சுருதி இம்மி பிசகும். இரண்டும் ஒரே ஸ்வரத்தை வாசிக்கும் இடத்தில் மெதுவான அலைவு கேட்கும். எஃப்பிஜிஏ தன் வேகமான கடிகாரத்தில் ஓடட்டும், போர்டின் கடிகாரத்தை ஒரு சாதாரண உள்ளீடாகக் கருதி, இரண்டு ஃபிளிப்ஃபிளாப் வழியாக உள்ளே கொண்டுவந்து அதன் ஏறுமுகத்தை எண்ணினால் போதும். பிடிஐஆர் பின்னையும் அப்படியே. ஆனால் நாற்பது வருடத்துப் போர்டில் சிக்னல்கள் முரட்டுத்தனமாக இருக்கும். சில நானோவினாடி நீளும் போலித் துடிப்புகளை அசல் சிப் கவனிக்கவே கவனிக்காது, அதன் மந்தம் அதற்கே பாதுகாப்பு. புதிய சிலிக்கான் அத்தனையையும் பிடித்துக்கொண்டு, எழுதாத ஒன்றை எழுதியதாக எடுத்துக்கொள்ளும். அடுத்தடுத்து மூன்று மாதிரிகளில் ஒரே மதிப்பு வந்தால்தான் நம்புவது என்று வைத்தபின் என் போர்டில் அவ்வப்போது வந்துகொண்டிருந்த கீச்சொலி நின்றது.

இப்போது அனலாக் பக்கம். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். மூன்று சேனலையும் எஃப்பிஜிஏவுக்குள்ளேயே டிஜிட்டலாகக் கூட்டி ஒரே அவுட்புட்டாகத் தந்துவிட்டால் வேலை குறையும் என்று தோன்றும். டைம் பைலட்டில் அது நடக்காது. ஒவ்வொரு சேனலின் பாதையிலும் 0.22 மைக்ரோஃபாரட், 0.047 மைக்ரோஃபாரட் கபாசிட்டர்கள் இருக்கின்றன. ஆட்டம் தேவைக்கேற்ப அவற்றை இணைத்தும் விடுவித்தும் ஒலியின் கூர்மையை மாற்றிக்கொண்டே இருக்கிறது. ஒரு சேனல் மழுங்கலாகவும் இன்னொன்று கூர்மையாகவும் ஒரே நேரத்தில் ஒலிக்கும். மூன்றும் தனித்தனியாக வெளியே வந்தே ஆக வேண்டும்.

தனித்தனியாக வந்தாலும் போதாது. கபாசிட்டர் மட்டும் ஃபில்டர் ஆகிவிடாது. அதற்கு முன்னால் இருக்கும் மின்தடையோடு சேர்ந்துதான் எந்த அதிர்வெண்ணுக்கு மேல் வெட்டுவது என்று முடிவாகிறது. அந்த மின்தடையில் ஒரு பங்கு சிப்பின் அவுட்புட்டிலேயே இருக்கிறது. ஓப்பாம்ப் என்ற பெருக்கிச் சிப்பின் அவுட்புட்டை நேரடியாக அங்கே கொடுத்தால் அதன் உள்தடை கிட்டத்தட்ட சுழியம், ஃபில்டர் வேறு இடத்தில் வெட்டும், வெடிச்சத்தத்தின் கனம் மாறிவிடும். நல்ல சிப்பில் ஒரு சேனலை முழு வால்யூமில் நிறுத்தி, இரண்டு வெவ்வேறு ரெசிஸ்டர்களைச் சுமையாகக் கொடுத்து மின்னழுத்தத்தை அளந்தால் உள்தடையை ஓரளவு கணக்கிடலாம். அது வால்யூமுக்கேற்பக் கொஞ்சம் மாறத்தான் செய்யும், முழுத் துல்லியம் கிடைக்காது. கிடைத்த சராசரிக்கு நெருங்கிய ரெசிஸ்டர் ஒன்றை ஓப்பாம்புக்குப் பின்னால் தொடரில் போட்டேன். வேறு சில போர்டுகளில் மூன்று அவுட்புட்டையும் ஒரே கம்பியில் சேர்த்துவிட்டிருப்பார்கள். அங்கே இந்த ரெசிஸ்டர் இல்லையென்றால் மூன்று ஓப்பாம்பும் ஒன்றோடொன்று மல்லுக்கட்டிச் சூடாகும்.

டிஜிட்டலிலிருந்து அனலாகுக்கு மாற்ற சிக்மா டெல்டா முறை: ஒவ்வொரு சேனலுக்கும் ஒரே ஒரு பின், பல மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் 0, 1 என்று துடிக்கும், வெளியே ஒரு ரெசிஸ்டரும் கபாசிட்டரும் அதைச் சமன்செய்யும். டிஜிட்டல் எண்களை வாங்கி அனலாக் ஒலியாக மாற்றும் ஐ2எஸ் டேக் சிப்பைவிட இதை நான் விரும்புவதற்குக் காரணம் உண்டு. இந்தக் கடிகாரத்தில் ஏஒய்யின் அவுட்புட் விநாடிக்கு இரண்டு லட்சம் தடவைக்கு மேல் மாறக்கூடியது. அதை 48 கிலோஹெர்ட்ஸுக்கு அப்படியே சுருக்கினால் உச்ச ஸ்வரங்களின் அடியில் சம்பந்தமே இல்லாத ஒரு முனகல் சேர்ந்துகொள்ளும். முறையாக ஃபில்டர் செய்து சுருக்கினால் வராது. ஆனால் சுருக்கவே தேவையில்லாத வழி கையில் இருக்கும்போது எதற்கு வம்பு?

சரிபார்ப்பதைக் காதை நம்பிச் செய்யாதீர்கள். அரை மணி நேரம் கேட்டால் எந்த ஒலியும் சரியாகத்தான் தோன்றும். அசல் சிப்பையும் மாற்றையும் பிரெட்போர்டில் அடுத்தடுத்து வைத்து, 5 வோல்ட்டில் ஓடும் ஆர்டுயினோ ஒன்றால் இரண்டுக்கும் ஒரே ரெஜிஸ்டர் வரிசையை எழுதி, அவுட்புட்களை ஸ்டீரியோவின் இரண்டு பக்கமாகப் பதிவு செய்தேன். ஆடாசிட்டியில் ஸ்பெக்ட்ரோகிராம் பார்த்தால் வேறுபாடு கண்ணில் படும். ஆட்டத்தின் உண்மையான ஒலிகளுக்கு, பஸ்ஸில் லாஜிக் அனலைசரை மாட்டி எழுதுவதையெல்லாம் பிடித்து, சவுண்ட் சிப்புக்கு எழுதியவற்றைப் பதிந்துவைக்கும் விஜிஎம் கோப்பாக மாற்றிக்கொண்டால் போர்டே இல்லாமல் திரும்பத் திரும்ப வாசிக்கலாம். ஆர்கேட் ஆட்டங்களைக் கணினியில் ஓட்டும் மாமே எமுலேட்டரும் நல்ல துணை, முக்கியமாக அதன் மூல நிரல். போர்ட்கள், ஃபில்டர்கள், கவுண்டர் எல்லாம் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் எப்படி இணைந்திருக்கின்றன என்று அதில் எழுதியே வைத்திருக்கிறார்கள்.

செருகும் பின்களைப் பற்றி ஒரு வார்த்தை. கடையில் கிடைக்கும் சதுர ஹெடர் பின்கள் பழைய ஐசி சாக்கெட்டுக்குத் தடிமன் அதிகம். ஒருமுறை செருகினால் சாக்கெட்டின் தகடுகள் விரிந்துவிடும், பிறகு அசல் சிப்பே தளர்வாக உட்காரும். மெல்லிய உருண்டைப் பின்களைப் பயன்படுத்துங்கள். மேலே இன்னொரு போர்டு அடுக்கப்படும் வடிவமைப்பா என்று உயரத்தையும் அளந்துகொள்ளுங்கள்.

ஏஒய் முடிந்தபின் அடுத்த ஆசை யமஹாவின் ஒய்எம்2151 சவுண்ட் சிப். 1980களின் நடுப்பகுதிக்குப் பிறகு வந்த ஆர்கேட் இசையில் பெரும்பங்கு அதனுடையது. எட்டு சேனல்கள், ஒவ்வொன்றிலும் நான்கு ஆபரேட்டர்கள், அதாவது ஒன்றையொன்று அசைத்து ஒலியை உருவாக்கும் சைன் அலைகள். எஃப்எம் என்ற இந்த முறையைச் சொன்னதும் பெருக்கல் கணக்கை நினைத்துப் பயப்படுவார்கள். யமஹா அதைத் தவிர்த்துவிட்டது: சைனின் லாகரிதம் ஓர் அட்டவணையில், திரும்ப மாற்ற இன்னோர் அட்டவணை. லாகரிதத்தில் பெருக்கல் என்பது கூட்டல்தானே. கால் வட்டத்துக்கு 256 பதிவுகள், அவ்வளவுதான். எல்லா ஆபரேட்டரும் ஒரே கணக்கிடும் பாதையை முறைவைத்துப் பயன்படுத்திக்கொள்கின்றன. 3.579545 மெகாஹெர்ட்ஸ் கடிகாரத்தில் 64 துடிப்புக்கு ஒருமுறை, அதாவது விநாடிக்குச் சுமார் 55,930 முறை, ஒரு முழுச் சுற்று முடிகிறது.

இதை நான் புதிதாக எழுதவில்லை, எழுதவும் சொல்ல மாட்டேன். ஜோஸ் தெஹாதாவின் ஜேடி51 என்ற வெரிலாக் வடிவம் பல வருடமாகப் பலர் கையில் தேய்ந்தது. ஏஒய்க்கும் அவருடைய ஜேடி49 இருக்கிறது, கற்றுக்கொள்ளும் ஆசை இல்லையென்றால் அதையே எடுத்துக்கொள்ளலாம். ஜிபிஎல் என்ற திறந்த மூல உரிமம் என்பதால், செய்த பலகையை விற்றால் மூல நிரலையும் தர வேண்டும், அது மட்டும் நினைவிருக்கட்டும்.

கோர், அதாவது சிப்பின் உள்வடிவம், தயாராகக் கிடைத்தாலும் சாக்கெட்டுக்கான வேலை நம்முடையதுதான், இங்கேயும் அது ஓசைக்கு வெளியேதான் இருக்கிறது. ஒய்எம்2151இல் டைமர்கள் இரண்டு உண்டு. பல போர்டுகளில் அதன் ஐஆர்க்யூ (குறுக்கீடு) பின்தான் ஒலி சிபியுவைத் தட்டி எழுப்புகிறது. அந்தப் பின்னை விட்டுவிட்டால் பாட்டு முதல் ஸ்வரத்தைத் தாண்டாது. தான் வேலையாக இருப்பதாகச் சொல்லும் பிட்டையும் சரியான நேரத்துக்குக் காட்ட வேண்டும். அவுட்புட்டும் அனலாக் அல்ல. பக்கத்தில் ஒய்எம்3012 என்ற டேக் சிப் இருக்கும். அது எதிர்பார்ப்பது 10 பிட் மதிப்பும் 3 பிட் அடுக்கும் கொண்ட ஒருவிதமான தொடர் வடிவம். கோர் தரும் 16 பிட் எண்ணை அந்த வடிவத்துக்குச் சுருக்கித் தர வேண்டும், இரண்டால் வகுத்த கடிகாரத்தையும் சேர்த்து. ஒய்எம்3012ஐயும் தூக்கிவிட்டு நேரடியாக நல்ல டேக் ஒன்றுக்குக் கொடுத்தால் ஒலி சுத்தமாக இருக்கும். எனக்கு அந்தச் சுத்தம் பிடிக்கவில்லை. மெல்லிய ஸ்வரங்கள் தேயும்போது வரும் சொரசொரப்பு அந்தச் சுருக்கலால் வருவது, அது போனால் வேறு யாரோ வாசிப்பதுபோல் இருக்கிறது.

செத்த சிப்பைக் குப்பையில் போட வேண்டாம். ஒலி எழுப்பாவிட்டாலும் அதன் உள்ளே சிலிக்கான் அச்சு பெரும்பாலும் அப்படியே இருக்கும். மேலுறையை அமிலத்தால் கரைத்து, நுண்ணோக்கியில் படமெடுத்து, சுற்றை வரிவரியாகப் படிப்பவர்கள் இருக்கிறார்கள். யமஹாவின் ஓபிஎல்2 என்ற எஃப்எம் சவுண்ட் சிப்பில் இருந்த லாகரித அட்டவணைகள் 2008இல் மேத்யூ கேம்ப்ரெல், ஒல்லி நீமிதாலோ இருவராலும் அப்படித்தான் வெளிவந்தன. டேட்டாஷீட்டே வெளியாகாத கொனாமி, நாம்கோ சிப்களுக்கு இந்த வழி ஒன்றுதான் நம்பகமானது, அதற்கு யாராவது சில சிப்களைப் பலி கொடுத்தாக வேண்டும். உயிரோடு இருப்பதைக் கொடுக்க யாருக்கும் மனசு வராது. போர்டின் பெயர், எந்த சாக்கெட்டில் இருந்தது, என்ன கோளாறு காட்டியது என்று ஒரு சீட்டில் எழுதி, ஸ்டாட்டிக் தாங்கும் பையில் சிப்போடு போட்டு வையுங்கள். கேட்பவர்கள் வருவார்கள்.